வட்டத்தில் முதல் பெயர்

கோவளம்
7-3-1976

அன்புள்ள தேவி,

நலம். உன் நலத்தைக் கேட்டால் பதில் வரப் பத்து நாள் ஆகும். கல்லூரியிலிருந்தே அப்படித்தான் நீ.

இங்கே முகத்துவாரத்துக் குடிசைகளை எடுக்கப் போகிறார்களாம். சாலை வருகிறதாம். முப்பத்தொன்பது வீடு. யாரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

மனு போடுகிறோம். எடுக்காதே என்றுகூட எழுதவில்லை. ஊரைக் கூட்டி எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவ்வளவுதான்.

கையெழுத்து என்றதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். நெருக்கடி நிலையில் முதலில் போடுகிறவனைத்தான் பிடிப்பார்கள் என்று பயம். மீன் விற்கும் செங்கம்மாள் சோற்றுத் தட்டைத் தாளில் கவிழ்த்து வட்டம் போட்டாள். "சுத்திகினு போடுங்க. எவன் மொதல்ல, எவன் கடசின்னு அவன் தலகீழா நின்னாலும் தெரியாது." தாளைத் திருப்பித் திருப்பி எல்லோரும் போட்டார்கள். எங்கள் வீடு அந்த வரிசையில் இல்லை. நானும் போட்டேன்.

மனு உன் தாலுகா ஆபீசுக்குத்தான் வரும். தொலையாமல் பார்த்துக்கொள்.

உன்
அக்தர் பேகம்

செங்கல்பட்டு
15-3-1976

அன்புள்ள அக்தர்,

இந்த முறை உடனே எழுதுகிறேன். மனு வந்துவிட்டது. தலைமை எழுத்தர் ராஜாராம் சார் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார்.

"பேரெல்லாம் லிஸ்டா அடிச்சுக் குடும்மா. மொத பேரு யாரோ அவருதான் தூண்டிவிட்டவரு. கூப்ட்டு விசாரிக்கணும்னு மேலேந்து ஆர்டர்."

"இதுல மொத பேரே இல்லையே சார்."

"வட்டமா அடிக்கிற மிஷின் கவர்மெண்ட்டு இன்னும் வாங்கல. நம்பர் போட்டு அடி."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்கள் பிரிவிலிருந்த சாரங்கபாணியைப் போன மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் நாற்காலியில் இப்போது கோப்புகள். யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. நானும்.

உன் பெயரை விலக்கிக்கொள்வதாக ஒரு வரி எழுதி அனுப்பு. அதுவரை தாமதப்படுத்திப் பார்க்கிறேன்.

தேவி

கோவளம்
18-3-1976

தேவி,

என் பெயரை எடுத்தால் அந்த இடம் காலியாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவள் மேல் கண் போகும். எழுதித் தர மாட்டேன். கோபப்படாதே.

அக்தர்

22-3-1976

அக்தர்,

அடித்துக் கொடுத்துவிட்டேன். அகர வரிசையில்.

1. அக்தர் பேகம்.

உன் பெயரை இறக்கினால் அஞ்சலை என்று ஒருத்தி மேலே வருவாள், முகம் தெரியாதவளை மாட்டிவிடலாமா என்று யோசித்ததாக எழுத நினைத்தேன். பொய். அகர வரிசை என்றால் என்னை யாரும் கேள்வி கேட்க முடியாது. அதை மட்டும்தான் யோசித்தேன். தாளை உருவும்போதுதான் அது உன் பெயர் என்று உறைத்தது. மறுபடி அடித்திருக்கலாம். சார் கை நீட்டிக்கொண்டு நின்றார்.

எங்காவது போய்விடு. ஆம்பூரில் உன் சித்தி வீட்டுக்கு. இதைக் கிழித்துவிடு.

தே.

கோவளம்
30-3-1976

தேவி,

போகவில்லை. நேற்றுக் காலையிலிருந்து இருட்டும்வரை போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"நீதான் லீடரா? பொம்பளைக்கு இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு? யாரு சொல்லிக் குடுத்தது?"

லிஸ்டைக் காட்டினார்கள். வட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "எந்த வட்டம்?" என்றார்கள். அசல் மனுவை அவர்கள் பார்க்கவே இல்லை. அத்தாவின் மண்ணெண்ணெய்க் கடை லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார்கள். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை மறுபடி வரவேண்டும். மாற்றுத் துணியோடு.

செங்கம்மாள் வந்தாள். "நானும் கூட வரட்டா?" என்றாள். பின் தன் பிள்ளைகளைப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். அவள் முகம் லேசானதைப் பார்த்தேன்.

உன் கடிதம் பிரித்து ஒட்டப்பட்டு வந்தது. பசை ஈரம் காயவில்லை. இனி எழுதாதே. கோபமா என்றும் கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

அக்தர்

செங்கல்பட்டு
1-4-1976

இந்த உறையை முதலில் பிரிப்பவருக்கு,

வணக்கம். என் சென்ற கடிதத்தையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அதில் பெயரைப் பாதியோடு நிறுத்தியிருந்தேன். முழுப்பெயர் கீழே இருக்கிறது.

கோவளம் மனுவில் முதல் பெயர் கிடையாது. வரிசை நான் போட்டது. அசல் எங்கள் ஆபீஸ் பீரோவில், மூன்றாம் தட்டில் இருக்கிறது. கேட்டு வாங்கிப் பாருங்கள். கூட்டம் போட்டுக் கேளுங்கள் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. திங்கட்கிழமை விசாரணையில் இதைச் சொல்ல வருகிறேன்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் விசாரணை என்று எழுதினேன். தலைமை எழுத்தர் இரண்டு தரம் படித்தார். சிரிக்கவில்லை.

படித்தபின் ஒட்டி அனுப்பிவிடுங்கள். மீதி அவளுக்கு.

அக்தர், எழுதாதே என்றாய். எழுதிவிட்டேன். அம்மாவிடம் உன் வீட்டுக்குப் போவதாக மட்டும் சொல்லியிருக்கிறேன். பையில் நானும் ஒரு மாற்றுப் புடவை வைத்திருக்கிறேன்.

அந்த பெஞ்சில் உன் பக்கத்தில் வந்து உட்காருவேன். ஏன் வந்தாய் என்று அவர்கள் முன்னால் கேட்காதே. அழுதுவிடுவேன்.

பெருந்தேவி
தட்டச்சர்