அடிச்சுவரில் ஈரம்

மே 6, 2024, திங்கள். அரியலூர்

பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் பாஸ்போர்ட்.

எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் இலங்கைக்குப் போகிறோம். இரண்டு வார ஊழியம். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டித் தர வேண்டும். மற்றவர்கள் பாடுவார்கள், ஜெபிப்பார்கள், மண் சுமப்பார்கள். கொத்தனார் நான் ஒருவன்தான்.

ஜனவரியில் சிறுவாச்சூர் ரோட்டில் லாரி தட்டி, மகள் வளர்மதி பதினொரு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டே சொன்னேன்: "பிள்ளையக் குடுத்துடு ஆண்டவரே, என் கையால உனக்கு ஒரு வேல செஞ்சு தரேன்." கொடுத்துவிட்டார். இப்போது காலேஜ் போகிறாள். இனி என் முறை.

மே 14, செவ்வாய். ஹட்டன் பக்கம்

சுண்ணாம்புத் தூசியில் பழகிய கண்ணுக்கு இந்தப் பச்சை கூசுகிறது. இங்கேயும் பேச்சு தமிழ்தான். செங்கமலம் என்ற பெண் ஊற்றைக் காட்டக் கூட்டிப்போனார். கொழுந்து பறிப்பவர், நாற்பது வயதிருக்கும். லயனுக்கு மேலே, பாசி பிடித்த கல்படி. போன வருஷம் குடத்தோடு இறங்கும்போது வழுக்கி வலது கை முறிந்ததாம். இன்னும் கோணலாக இருக்கிறது.

"ஒரு நாளைக்கு எத்தன நடைங்கம்மா?"

"எண்ணினா கால் ஏறாதுங்க அண்ணே."

மே 19, ஞாயிறு

சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. ஆராதனையில் தூங்கிப்போனேன்.

மே 23, வியாழன்

உட்பூச்சு முடித்து அரை மணி நேரத்தில் பேய் மழை. தார்ப்பாயைக் காற்று தூக்கிவிட்டது. தரையும் சுவரும் சேருகிற இடத்தில் கலவை அரித்துப் போயிற்று. பெயர்த்து மறுபடி பூசி, ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு வைக்க வேண்டும்.

எங்களோடு வந்திருக்கும் ஆயர் வந்து பார்த்தார். "ஞாயித்துக்கெழம பிரதிஷ்டை, திங்கக்கெழம ஃப்ளைட். முடிஞ்சிருமா அறிவழகன்?"

"முடிஞ்சிரும்ங்க ஐயா."

ஏன் அப்படிச் சொன்னேன்?

மே 24, வெள்ளி

பெயர்க்கவில்லை. அரித்த இடத்தின் மேலேயே சிமெண்டுப் பால் அடித்து மறைத்துவிட்டேன். பார்வைக்கு வழவழவென்று இருக்கிறது.

மே 26, ஞாயிறு

நேற்றே தண்ணீர் விட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தேன். அடிச்சுவரில், வெளிப்பக்கம், உள்ளங்கையளவு ஈரம். துடைத்தேன். மறுபடி வந்தது.

லயன் முழுக்கக் கூடிவிட்டது. ஆயர் நன்றி ஜெபம் செய்தார். எனக்குப் பொன்னாடை போட்டார்கள். செங்கமலம் முதல் குடத்தைப் பிடித்து, ஒரு தம்ளர் மொண்டு என்னிடம்தான் நீட்டினார், அந்தக் கோணல் கையால். "எங்களுக்கு இப்படி ஒருத்தரும் செஞ்சதில்ல அண்ணே. கோடி நன்றி."

குடிக்க முடியவில்லை. பொன்னாடையை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன். வாய் தானாகச் சொல்லிற்று: "இந்தத் தொட்டி நிக்காதுங்க. மழையில பூச்சு போயிருச்சு. தெரிஞ்சே மூடி மறைச்சேன். மன்னிச்சுடுங்க."

செங்கமலம்தான் கேட்டார்: "தெரிஞ்சேவா? உங்க வூட்டுக்குக் கட்டினா இப்படிப் பூசுவீங்களா?"

மாட்டேன். பூச மாட்டேன்.

அவர் தம்ளரைக் குடத்தில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். ஆயர் என்னைத் தனியே இழுத்தார். "ஊருக்குப் போயி போன்ல சொல்லியிருக்கலாம்லய்யா. இத்தன பேர் முன்னாடியா?" அவர் முகம் வெளுத்திருந்தது. "நான் இருந்து சரி பண்ணிட்டு வரேன்ங்க ஐயா" என்றேன். அவர் தொட்டியிடம் போய் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நானும்தான் அவசரப்படுத்தினேன்" என்று சொல்லித் தோளைத் தொட்டார்.

மே 27, திங்கள்

ஐந்து பேரும் கிளம்பிவிட்டார்கள். வேன் வளைவில் மறைகிற வரை நின்றேன். வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி கவிதா அழுவாள் என்று நினைத்தேன். "நம்ம புள்ளைக்கு வைத்தியம் பாத்தவங்க அரகொறயா விட்டிருந்தா? முடிச்சிட்டே வாங்க" என்றாள்.

மே 29, புதன்

நேற்று முழுக்க ஒற்றை ஆளாகப் பூச்சைப் பெயர்த்தேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நியாயம்தான்.

இன்று சாயங்காலம், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுச் செங்கமலம் வந்தார். தொட்டிக்குள் இறங்கி, உதிர்ந்த காரையைக் கூடையில் அள்ளினார். அவர் போன பிறகு பார்த்தால், சுவர்மேல் ஒரு தம்ளர் தேநீர் இருந்தது. பாலும் சர்க்கரையும் இல்லாத சாயத் தண்ணீர். நன்றி சொல்ல வாயெடுத்தேன், ஆள் இல்லை.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் இப்படி எதையோ வைத்துவிட்டுப் போனார்கள்! முகம்கூட நினைவில்லை. கைமாறு செய்ய வந்தவன் என்று அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

மே 31, வெள்ளி

பூச்சு முடிந்தது. மழை வந்தது. தார்ப்பாயின் நான்கு முனையையும் நான்கு பெண்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள், முக்கால் மணி நேரம்.

ஜூன் 8, சனி

தண்ணீர் நிரப்பி ஒரு பகல், ஓர் இரவு. அடிச்சுவரைச் சுற்றிலும் கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்த சுவர். செங்கமலமும் தடவிப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். நாளை விமானம்.

ஜூன் 23, ஞாயிறு. அரியலூர்

சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மறைத்ததையும் சேர்த்தே சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆயர் மட்டும் ஆமென் என்றார்.

மதியம் செங்கமலத்திடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. "அண்ணே, தொட்டி நல்லா நிக்குது. ஆனா இது என்ன குழாய் மாட்டியிருக்கீங்க? இறுகிப்போய்க் கெடக்கு, என் கையால திருப்பவே முடியல. என்ன செய்யன்னு சட்டுனு சொல்லுங்க!"

நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பதிவை மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

"திட்டறாங்க, நீங்க சிரிக்கிறீங்க?" என்றாள் கவிதா.

தேங்காயெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுப் பாரு தங்கச்சி, அப்பவும் வரலன்னா கூப்பிடு என்று பதில் அனுப்பினேன்.