இறங்கிட்டேன் என்ற சேதி இனி வேண்டாம்

காளனம்பட்டி,
சனிக்கிழமை காலை

அன்பு மகள் பவித்ராவுக்கு,

அம்மா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அப்பா நலம். நானும் நலம் என்று எழுதினால் அது முக்கால்வாசி உண்மை, மீதியைக் கீழே சொல்கிறேன். போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று தொடங்கினால் நீ குறுக்கே ஒன்று கேட்பாய், நான் அழுவேன், ஒண்ணுமில்லம்மா என்று நீ வைத்துவிடுவாய். இதை முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாளாக மழை, மல்லிகையில் மொட்டுப் புழு விழுந்திருக்கிறது, சம்பங்கி பரவாயில்லை. கிணற்று மோட்டாரின் காயில் கருகிப்போய், அப்பா அதைத் தூக்கிக்கொண்டு கன்னிவாடிக்கும் வீட்டுக்கும் அலைகிறார். நான் ஓரிடத்தில் உட்கார முடியாமல் இந்தக் கடிதத்தையே மூன்று முறை எழுந்து எழுந்து எழுதுகிறேன்.

நேற்று விடியலில் மொட்டுப் பறிக்கும்போது அப்பா வாய் தவறி, "அந்தப் பெரிய பிளேன் குறுக்க வந்ததுல இருந்து புள்ள சரியாவே பேச மாட்டேங்குது" என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் விடவில்லை. "அம்மாட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிருச்சு புள்ள" என்றவர், வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். போன செவ்வாய்க்கிழமை பயிற்சியில் நீ தனியாக விமானம் ஓட்டினாய். பக்கத்திலேயே பெரிய விமான நிலையம், வருவதும் போவதுமாக இருப்பதால், ஏரிக்கு இந்தப் பக்கமே வட்டமடித்துக் காத்திரு என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள். நீ சரி என்று பதிலும் சொல்லிவிட்டு ஏரியைத் தாண்டிவிட்டாய். உன் விமானத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது உன் காதில் ஏறவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள், அப்போதும் ஏறவில்லை. அடுத்து அதட்டிக் கூப்பிட்டபோது நிமிர்ந்து பார்த்தால், ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கி வரும் பெரிய விமானம் கண்ணாடிக்கு நேரே நின்றதாம். திரும்பச் சொன்ன பக்கம் திருப்பி விலகிவிட்டாய். ஒழுங்காக இறங்கி, நிறுத்தி, இன்ஜினையும் அணைத்தாயாம்.

யாரும் கேட்பதற்கு முன் நீயே போய் நஸீரா மேடத்திடம் சொன்னாய் என்றார் அப்பா. அந்த இடத்தில் எனக்கு மூச்சு வந்தது. உனக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த அம்மாள் திட்டவில்லையாம். ஒரு வாரம் ஏற வேண்டாம், அந்த நேரத்தில் மனசில் என்ன ஓடியது என்று உள்ளதை எழுதிக் கொண்டு வா என்று மட்டும் சொன்னாராம். நீ என்ன எழுதினாய் என்பதை அப்பா கடைசியில்தான் சொன்னார், அதுவும் என் முகத்தைப் பார்க்காமல். அன்றைக்குக் கிளம்பவே ஒரு மணி நேரம் தாமதம், "அம்மா சேதிக்குக் காத்துக்கிட்டுக் கெடக்கும், பயந்துரும்" என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினாயாமே. நான் மொட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டேன் பவி. இறங்கியதும் முதல் வேலையாக இறங்கிட்டேன் என்று ஒரு சேதி போட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று உன்னிடம் அடம்பிடித்து வாங்கியது நான்தானே.

இப்போது என் பங்கு. அதே செவ்வாய்க்கிழமை பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு, நாகல் நகரில் மோட்டாருக்கு வயர் வாங்கிக்கொண்டு வண்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். வழக்கமாகப் பதினொரு மணிக்குள் வரும் உன் சேதி வரவில்லை. விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியாது. அதில் உன் விமானம் ஒரு புள்ளியாக ஊர்ந்துகொண்டிருந்தது, திடீரென்று காணவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். எதிரே வந்த பஸ்ஸை நான் பார்க்கவில்லை. கடைசி நொடியில் ஒடித்து, பள்ளத்தில் வண்டியோடு விழுந்தேன். டிரைவர் இறங்கி ஓடி வந்து தூக்கிவிட்டு, "ஏம்மா, அம்புட்டு ஹாரன் அடிக்கிறேன், காது கேக்கலையா? வீட்ல புள்ளகுட்டி இல்லையா ஒனக்கு?" என்று கத்தினார். இருக்கு, அதனாலதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வண்டியை நிமிர்த்தினேன். முழங்காலில் ஐந்து தையல். நடக்கிறேன், பயப்படாதே. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பாவிடம் நானும் சத்தியம் வாங்கினேன். பாவம், இரண்டு பேர் சத்தியத்தையும் சுமந்துகொண்டு மனுஷன் நான்கு நாள் திரிந்திருக்கிறார்.

நான் இதுக்கு லாயக்கில்லப்பா, வந்துரட்டுமா என்று அவரிடம் கேட்டாயாம். மறைக்காமல் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ இங்கே பக்கத்தில் இருப்பதுபோல, நான் தட்டில் சோறு போடுவதுபோல நினைத்துக்கொண்டு ஒரு பாத்தி முழுக்கப் பறித்து முடித்தேன். அப்புறம்தான் உறைத்தது, உன் பயத்தில் பாதி நான் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு நீ முடிவெடுக்காதே. உனக்கே பிடிக்கவில்லை என்றால் வா, வாசல் திறந்திருக்கிறது. எனக்காக வராதே. அந்த ஒரு வாரம் முடிந்ததும் மேடம் உன்னோடு ஏறிப் பார்க்கப் போகிறார் என்றால் போய் ஏறு. அந்த ஆப்பை அப்பாவை விட்டு அழித்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன், மறுபடி ஏற்றத் தெரியவில்லை, நல்லதாயிற்று. இறங்கிட்டேன் என்று இனி நீ சேதி போட வேண்டாம். நான் கவலைப்படத்தான் செய்வேன், அது என் பாடு, அதை நீ மேலே தூக்கிக்கொண்டு போகாதே. அங்கே உன் முன்னால் யார், பின்னால் யார், காதில் கூப்பிடுவது யாரை, அது மட்டும் இருக்கட்டும்.

நம் கருப்பசாமி உன் கூடவே இருப்பார், நீ நினைத்தது நடக்கும், நூறு வருஷம் நன்றாக இரு. பார்சலில் பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறேன், நெய் ஊற்றிச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே. நீ மேலே இருக்கும்வரை உனக்கு அம்மா என்று ஒருத்தி இல்லை. கீழே வந்து, எல்லா வேலையும் முடித்து, வயிறாரச் சாப்பிட்ட பிறகு இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ம. அய்யம்மாள்