ஆறு மணிப் பாட்டு

அண்ணே,

ஆம்ப்ளிஃபயர் சூடேறினால் உள்ளே கிடக்கிற தூசி கருகி ஒரு மணம் வருமே, அந்த மணம் இப்போது என் தையல்கடை முழுவதும் நிற்கிறது. நீங்கள் இருந்தவரைக்கும் அது பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம், உங்கள் சவுண்ட் சர்வீஸ் கடையிலிருந்துதான் வரும். வந்ததும் நான் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பேன். இப்போது பெட்டி என் மேசைக்கடியில் இருக்கிறது. பூனை படுத்திருப்பதுபோல் கணுக்காலில் சூடு படுகிறது. அளவு நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று இன்றைக்குத்தான் தோன்றியது, ஏனென்றால் இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

புதுக்கடை சந்தியில் ஆறு மணிப் பாட்டு என்றால் உங்கள் காலத்தில் எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் போய்வந்த ஒலிபெருக்கிக் குழாய்களைச் சாயந்தரம் ஒரு பாட்டுப் போட்டுச் சோதிப்பீர்கள். ஒரே ஒரு பாட்டு, பழையது, அன்றைக்கு நாட்டில் நடந்ததற்குப் பொருத்தமாக. வெங்காயம் விலை ஏறினால் கண்ணீர்ப் பாட்டு. ஓட்டு வாங்கியவர் கட்சி மாறிய நாளில், கொடுத்த வாக்கை மறந்த காதலனிடம் ஒரு பெண் நியாயம் கேட்கிற பாட்டு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முதல் வரியிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டுச் சிரிப்பார்கள். எதிரே பழக்கடை வைத்திருக்கிறாளே ஓமனா, பேப்பரைக் கையால் தொடாதவள், அவள் உலகத்தை அறிந்ததே உங்கள் குழாய் வழியாகத்தான்.

மெட்டு உங்களுக்கு, வார்த்தை எனக்கு. "ஏட்டி, இண்ணு சங்கதி பெட்ரோல் வெலயாக்கும். என்ன பாட்டு உண்டு?" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பீர்கள். நான் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே சொல்லுவேன். அமைந்துவிட்டால் "கொள்ளாம்" என்று ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக மத்தியானச் சோற்றின்போதே யோசிக்கத் தொடங்கிவிடுவேன் என்று உங்களிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் உங்களுக்குத் தலைக்கனம் ஏறியிருக்கும்.

முதலில் பிசகியது ஓட்டு எண்ணிய நாள். தோற்றவரைக் கேலி செய்யலாம் என்று ஒப்பாரி மாதிரி ஒரு பாட்டைப் போட்டோம். நம் பக்கத்தில் சாவு வீட்டுக்கு முதலில் போகிற சாமான் மைக் செட்தானே. குழாயில் அழுகைப் பாட்டுக் கேட்டால் யாரோ போய்விட்டார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நம் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. படுக்கையில் கிடந்த பழைய தபால்காரர்தான் என்று முடிவு கட்டி, நாலு பேர் சாவுக்கு வைக்கிற காகிதப் பூ ரீத்து ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். மனுஷன் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். அந்த வளையத்தைப் பார்த்து, "இது ஆருக்கு?" என்று கேட்டாராம். ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மூன்றாம் நாள் காலையில் அவர் போய்விட்டார். மூலையில் கிடந்த அதே ரீத்தைத்தான் தூசி தட்டி வைத்தார்கள்.

வயசாளி, இன்றோ நாளையோ என்று கிடந்தவர் என்று நான் சொன்னேன். நீங்கள் அந்தக் காசெட்டை எடுத்துத் தனியாக வைத்தீர்கள்.

அடுத்தது ரப்பர் விலை விழுந்த நாள். சாய்ந்த மரத்தையும் கூடிழந்த குருவியையும் பற்றிய பாட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குக் காற்றும் இல்லை, மழையும் இல்லை. விடிந்து பார்த்தால் சந்தியில் நின்ற வாகை மரம் ஆட்டோ ஸ்டாண்டின் மேல் விழுந்து கிடந்தது. நல்லவேளை, ஆள் சேதம் இல்லை. நீங்கள் குனிந்து வேரைப் பார்த்தீர்கள். செல் அரித்துப் பொடியாகியிருந்தது.

"அரிச்சிருக்கு அண்ணே. விழத்தானே செய்யும்" என்றேன்.

"அரிக்கத் தொடங்கி எத்தன வருசமோ. இந்த ராத்திரிதானா அதுக்கு விழணும்?" என்று கேட்டீர்கள்.

அன்றோடு நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். போகிற பாட்டு, பிரிகிற பாட்டு, விழுகிற பாட்டு உள்ள காசெட்டுகளின் மேலெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினீர்கள். பழைய பாட்டுகளில் அவற்றைக் கழித்தால் என்ன மிஞ்சும், ஒரு செருப்புப் பெட்டிகூட நிறையாது என்று நான் கிண்டல் செய்தேன். "தமாசுக்குக் கூப்பிடுதோம்னு அதுக்குத் தெரியுமா மக்கா? கூப்பிட்டா வந்திரும்" என்றீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிற எனக்கு இந்த மாதிரிப் பயம் எல்லாம் மரியாதைக் குறைவாகப் பட்டது.

நம் சினிமாக் கொட்டகையை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்த நாளை, அண்ணே, நான் எத்தனை தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். அதற்கு விடைபெறும் பாட்டு ஒன்று அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய காசெட். "வேண்டாம் பிள்ளே" என்றீர்கள். "இடிக்கப் போறது செவரையாக்கும். உங்களையா?" என்று கேட்டேன். இந்த வாயால்தான் கேட்டேன். நீங்கள் சிரித்துவிட்டுப் போட்டீர்கள். பாட்டு முடியும்வரை கடை வாசலில் நின்று கேட்டீர்கள். "கொள்ளாம்" என்றீர்கள். மறுநாள் உங்கள் கடை திறக்கவில்லை.

சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டது, பிரஷர் மாத்திரையை நிறுத்தியது என்று டாக்டர் காரணம் சொன்னார். காலையில் அதை நம்புகிறேன். சாயந்தரம் ஆனால் நம்ப முடியவில்லை. பதினாறு கழிந்ததும் உங்கள் வீட்டுக்காரி, என் மயினி, ஆம்ப்ளிஃபயரையும் குழாயையும் காசெட்டுகளையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். "பாட்டு எடுத்துக் குடுத்தது நீதானே. நீயே வெச்சுக்கோ" என்றாள். கோபமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

சந்திக்காரர்கள் விடாமல் கேட்டதால் நானும் தினமும் போட்டேன். தக்காளி விலை, பஸ் நேரம் மாறியது, பள்ளிக்கூடம் திறந்தது, இப்படி ஆபத்தில்லாத செய்திகளாகப் பார்த்து எடுத்தேன். பத்து மாதமும் ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது கடலுக்கு அக்கரையில் சண்டை. என் மகன் ஜெபின் வேலை பார்க்கிற துறைமுகத்தின் பக்கம் குண்டு விழுந்ததாக டிவியில் காட்டினார்கள். மூன்று நாளாக அவன் போன் போகவில்லை. ஓமனாவின் மகன் சுஜினும் அதே ஊரில்தான், குடோன் வேலை. அவனிடமிருந்தும் பேச்சில்லை. நம் பக்கத்தில் எந்த வீட்டில்தான் வெளிநாட்டில் ஒரு ஆள் இல்லை? இன்றைக்கு ஆறு மணிக்குப் பஸ்ஸுக்கு நிற்காதவர்கள்கூடச் சந்தியில் வந்து நின்றார்கள். எல்லாரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓமனா கடையை விட்டு என் வாசலுக்கு வந்தாள். "வரச் சொல்லுத பாட்டு வல்லதும் இருந்தா போடு மக்கா" என்றாள்.

அது முடியாது என்று அவளிடம் எப்படிச் சொல்ல? பழைய பாட்டுகளில் 'வா' என்று பாடுகிறவர்கள் எல்லாரும் பாட்டு முடிகிறவரை தனியாகத்தான் நிற்கிறார்கள். ஒருத்திக்காவது ஆள் வந்து சேர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. காசெட்டுகளைக் கிளறினேன். கடைசியில் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டது யார் என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிற தமாஷ் பாட்டு ஒன்று அகப்பட்டது. அதில் யாரும் எங்கும் போகவில்லை. எங்கிருந்தும் வரவும் இல்லை. இரண்டு பேரும் அடுக்களையிலேயே இருக்கிறார்கள். அதைப் போட்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஆட்டோக்காரர்கள்கூட வண்டியை அணைத்திருந்தார்கள். அப்போது ஓமனா, "நிறுத்தாத. இது ஓடும்போ எனக்க பயலுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணு தோணுது" என்றாள். நின்ற பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் நாடாவைத் திருப்பிச் சுற்றி மறுபடியும் போட்டேன். பிறகும் போட்டேன். நாடா சுற்றுகிற அந்த அரை நிமிடத்தில் யாரும் மூச்சுவிடுவதாகத் தெரியவில்லை.

பன்னிரண்டாவது தடவை ஓடும்போது என் மடியில் போன் அதிர்ந்தது. ஜெபின் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். பாட்டுச் சத்தத்தில் காதோடு அழுத்திக் கேட்டேன். "அம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. சார்ஜ் இல்ல, பெறவு விளிக்கேன்." அவ்வளவுதான். அவன் குரல்தான். இரண்டு தடவை கேட்டேன்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். அண்ணே, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. நாம் கூப்பிட்டு வந்தது எதுவும் வெறுங்கையோடு திரும்பிப் போனதை நான் பார்த்ததில்லை. என் பயலை விட்டது என்றால் அடுத்து அது யாரிடம் போகும்? போனை வெட்டுத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

ஓமனா வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாள். சற்று முன்பு திரும்பி, "உனக்கு வல்ல விவரமும் வந்துதா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் கையில் இருக்கிற போனில் வெளிச்சமே வரவில்லை. பாட்டில் பெண்டாட்டி கடைசி வரிக்கு வந்துவிட்டாள். எனக்கு வந்து சேர வேண்டியது வந்துவிட்டது, இனிமேல் இது அவளுடைய பயலுக்கு. நோட்டை மூடிவைக்கிறேன், நாடாவைச் சுற்ற வேண்டும்.