பதினாலு ஏ வீட்டு ஓட்டு

24 பிப்ரவரி 1971, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு சாந்தோம் கோயிலிலிருந்து திரும்பினால், வாசலில் கட்சிக்காரர்கள் இருவர், கையில் வாக்காளர் சீட்டுக் கட்டு. எந்தக் கட்சியின் சீட்டையும் நான் வாங்குவதில்லை என்றேன்.

"வாங்க வேணாம்மா. உங்களுக்குச் சீட்டே இல்ல. பதினாலு இருக்கு, பதினாறு இருக்கு. பதினாலு ஏ-ன்னு லிஸ்ட்ல ஒண்ணும் கெடையாது."

மற்றவன் சிரித்தான். "இன்னாம்மா, வூட்டையே காணோம்?"

இந்த 'ஏ' என் கணவர் பிலிப் இறந்துபோன பிறகு வந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கொழுந்தனார் பவுல்சாமி கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினார். சந்துப் பக்கத்துப் பின்பாதியும் பழைய எண்ணும் அவருக்கு. தெருப் பக்கத்து முன்பாதியும் 'ஏ'யும் எனக்கு. அவர் மனைவி ஐவி அன்று கொத்தனாருக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு வருடமாக நானும் அவளிடம் சொல்லவில்லை.

25 பிப்ரவரி

சாப்பிட்டேன். தூங்கினேன். கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

26 பிப்ரவரி, வெள்ளி

தேர்தல் அலுவலகம் போனேன். போன வருடம் வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுத வந்தவனை நான் திருப்பி அனுப்பியது உண்மை. "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா?" என்று கேட்டான். கதவைச் சாத்தினேன். இன்று கேட்டாலும் சாத்துவேன்.

குமாஸ்தா ராஜகோபாலன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இருக்கேளே, மாமி. மர்சலின், கணவர் பிலிப். பதினாலாம் நம்பர்ல."

நான் யாருக்கும் மாமி இல்லை என்றேன். பதினாலில் நான் இல்லை என்றும் சொன்னேன்.

"இப்போ மாத்த முடியாதும்மா. பேர் இருக்கே, அதைப் பாருங்கோ. பேரே இல்லாதவா எத்தனை பேர் வந்துண்டிருக்கா தெரியுமா?"

வெளியே வரிசை நின்றது.

1 மார்ச், திங்கள்

ஏன் இதற்காக அலைகிறேன்? யார் ஜெயித்தால் எனக்கு என்ன? கோயிலில் நான் பிலிப் சார் சம்சாரம். பால்காரனுக்கு முன்வீட்டம்மா. ஓட்டுச் சாவடியில் மட்டும்தான் என் பெயரைச் சத்தமாகப் படிக்கிறார்கள். ஐம்பத்திரண்டிலிருந்து ஒரு தடவைகூட விட்டதில்லை. அவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் சின்னதாக இருக்கிறது.

9 மார்ச், செவ்வாய்

ஓட்டுப் போட்டுச் சில நாள் ஆகிறது. இன்றுதான் எழுத வருகிறது.

எப்போதும் போல நான் படித்த கான்வென்டில் இருக்கும் சாவடிக்குப் போனேன். வெயிலில் வெகுநேரம் நின்ற பிறகு, "இந்தத் தெரு மட்டும்தான் இங்க. பதினாலு இப்போ சந்துக் கணக்கு. கார்ப்பரேஷன் ஸ்கூலுக்குப் போங்க," என்றார்கள். கட்சிக் கொடி கட்டிய ரிக்‌ஷாக்காரன் கூப்பிட்டான். நடந்தே போனேன்.

அங்கே பெண்கள் வரிசை குழாயடி வரைக்கும் நின்றது. சிறிது நேரத்தில் ஐவி வந்தாள். எனக்குப் பின்னால் ஓர் ஆள் தள்ளி நின்றாள். தலை நரைத்திருக்கிறது.

அதிகாரி படித்தார். "மர்சலின், கணவர் பிலிப், கதவு எண் பதினாலு."

"பதினாலு ஏ," என்றேன்.

கட்சி ஏஜென்ட் எழுந்துவிட்டான். "சார், பதினாலுல யாரு கீறாங்கன்னு எனக்குத் தெரியும். இந்தம்மா அங்க இல்ல. அவங்களே வேற நம்பர் சொல்றாங்க, பாருங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாம்மா?"

நான் திரும்பவில்லை. சுவரில் ஓர் இந்திய வரைபடம், அதன் ஓரம் கிழிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டு மூத்த மருமக, சார். மர்சலின் அக்கா." ஐவியின் குரல். "அவங்க பேரை லிஸ்ட்ல எழுதச் சொன்னதே நான்தான். எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

யாரோ பின்னால் உச்சுக் கொட்டினார்கள். அதிகாரி, "நீங்களே சொல்லணும்மா. பதினாலுதானா?" என்றார்.

"ஆமான்னு சொல்லுங்கக்கா," என்றாள் ஐவி. "எல்லாரும் வெயில்ல நிக்கிறாங்க."

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஏ-யை விட்டுவிட்டால் அது பொய்யா? அந்த நேரத்தில் யோசித்தேனா, இல்லையா — நினைவில்லை.

"பதினாலு," என்றேன்.

மை வைத்தார்கள். சட்டசபைக்கு ஒன்று, பார்லிமென்டுக்கு ஒன்று என்று இரண்டு சீட்டு கொடுத்தார்கள். குத்தினேன், மடித்தேன், போட்டேன். வெளியே வந்து ஐவிக்காகக் காத்திருக்கவில்லை. ஒன்றும் தோன்றவில்லை. செருப்பு அறுந்திருந்தது, அது மட்டும் தெரிந்தது.

10 மார்ச்

பெயரைக் கொடுத்தவள் அன்று சுவரைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை? கேட்கலாம். கேட்க என்ன வார்த்தை இருக்கிறது?

12 மார்ச், வெள்ளி

கோயிலில் சிலுவைப் பாதை வழிபாடு. முடிந்து வெளியே வந்தபோது ஐவி கேட் பக்கத்தில் நின்றாள். நானும் நின்றேன். சேர்ந்து நடந்தோம். சந்து முனையில் அவள் திரும்பினாள். என் வாசலுக்கு நேரே போக வேண்டும். நானும் சந்துக்குள் திரும்பினேன்.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பாத்து வைங்கக்கா, படி உயரம்," என்றாள்.

இந்த வீட்டுப் படி எனக்குத் தெரியாதா என்று சொல்ல வந்தேன். கீழே பார்த்தேன். படி புதிதாகக் கட்டியிருந்தார்கள்.