ஓடைக்கரைப் பங்கு

இன்று காலை கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கினேன். வேரோடு வந்த மண் விரலில் ஈரமாய் ஒட்டியது. உடனே உன் நினைவுதான் வந்தது அண்ணே. நீ இருந்திருந்தால் இந்தக் கையை உன் முகத்துக்கு நேரே நீட்டியிருப்பேன்.

அப்பா போன பிறகு என் பங்கைக் கேட்டேன். கிணற்றடிக் கரிசலை நீ வைத்துக்கொண்டு, தைலமரம் வெட்டிய ஓடைக்கரை மணலை என் பக்கம் தள்ளினாய். அளக்க வந்தவர்கள் முன்னால் ஒரு குடம் தண்ணீரை அதில் ஊற்றியும் காட்டினாய். தைல இலை மக்கி மெழுகு பிடித்த மணலில் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. முத்து முத்தாய் உருண்டு, தூசியைப் பூசிக்கொண்டு ஓடைக்கே போனது.

"சட்டம் பேசுனவளுக்கு இதுதான் பங்கு. ஒன் புருசன் ஊருல கோயில் புத்து மண்ணு கெடைக்கும்லா, கொண்டாந்து போடுட்டி, வெளையும்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். புருசன் ஊருக்குப் போகும் சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை நான் அழவில்லை.

குளத்து வண்டலைக் கொண்டுவந்து கொட்டினேன். தொழுவுரத்தோடு அதை மணலில் கலந்தேன். மழைத்தண்ணீர் ஓடிவிடாமல் நிற்க, சரிவுக்குக் குறுக்கே பள்ளம் பறித்தேன். பசுந்தாள் உரத்துக்குக் கொளுஞ்சி விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதேன். முதல் வருஷம் கொளுஞ்சிகூடத் திட்டுத்திட்டாகத்தான் முளைத்தது. மழை பெய்த மறுநாளும் காலால் கீறினால் அடியில் பொடி பறந்தது. போதும் என்று உட்கார்ந்த போதெல்லாம் உன் சிரிப்புதான் என்னை எழுப்பிவிட்டது. வைராக்கியக்காரி என்று ஊர் மெச்சியது. எனக்குத் தெரியும், அது வன்மம்.

மண் ஈரம் பிடிக்கத் தொடங்கிய வருஷம் நீ வரப்பு வரை வந்தாய். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாய். என்ன சொல்லப்போகிறாய் என்று காத்து நின்றேன். "வெயிலு சுள்ளுனு அடிக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அந்த ஆவணியிலேயே செத்தும் போனாய். உன்னைக் கிடத்தியிருந்த கூடத்தில் எல்லாரும் அழுதார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எனக்குத் தர வேண்டிய ஒரு சொல்லைத் தராமலே தப்பித்துவிட்டாயே.

போன வாரம் உன் மகள் வந்தாள். உன் நிலத்தில் அவளுக்கு எதுவும் கிடையாது என்று அவள் அண்ணன் சொல்லிவிட்டானாம்.

"எனக்கும் இப்படி ஒரு மணல்காடு போதும் அத்தே. நீங்க பாடுபட்ட மாதிரி நானும் பட்டுக்கிடுதேன். சண்ட வேண்டாம்" என்றாள்.

"மணலக் கேக்காதட்டி. கிணத்தடிக் கரிசல்ல பாதியக் கேளு. நான் கூட வாரேன்."

நாளைக் காலை உன் வீட்டுக்குப் போகிறோம். என்னை ஒற்றையாய் நிறுத்தி வைத்துச் சிரித்தாய். உன் மகள் பக்கத்தில் நான் நிற்பேன். உன்மேல் உள்ள கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது அண்ணே. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.