சங்கரன் சட்டைப்பையில் இருந்த பகடை

என் சங்கரா, நீ எங்கே இருந்தாலும் இதை மட்டும் கேட்டுவிடு மாப்ளே,

நாளைக்கு நான் சாட்சிக் கூண்டில் ஏறுகிறேன். உன்னை வெட்டிய துரையின் வழக்கு இப்போதுதான் விசாரணைக்கு வந்திருக்கிறது. மணல் குத்தகைக்காரர் தன் அடியாளான அவனுக்காகப் பெரிய வக்கீலை வைத்திருக்கிறார். அந்த வக்கீல் என்ன சொல்லப் போகிறார் தெரியுமா? இது மணல் தகராறே இல்லையாம், சூதாட்டத் தகராறாம். செத்தவன் சட்டைப்பையில் பகடை இருந்ததே, அது போதாதா என்கிறாராம்.

நீ சூதாடியாம்! சீட்டுக்கட்டை ஒழுங்காகக் கலைக்கக்கூடத் தெரியாது உனக்கு.

உன் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து அந்த இருபது முகப் பகடையையும் விளையாட்டு விதிப் புத்தகத்தையும் கொண்டுவந்தபோது நமக்கு என்ன தெரியும்? ஒருவன் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், அது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். புத்தகத்தில் இருந்த அரக்கர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு நீ களக்காட்டு மலையையும் பாளையக்காரன் கோட்டையையும் கொண்டுவந்தாய். டவுணில் தையல்கடை மாடிதான் நம் வாலிபர் சங்க அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரொட்டி, மத்தியானம் கோட்டை முற்றுகை. விரலில் பசை காய்வதற்குள் பகடையை உருட்டிவிடுவோம்.

சங்கத்துக்குப் பொறுப்பாளரான தோழர் பரமசிவம் ஒருநாள் படியேறி வந்து பார்த்துவிட்டு எரிந்து விழுந்தார்.

"என்னவே இது? வெளிய கூலிக்காரன் செத்துக்கிட்டுக் கெடக்கான், நீரு இங்கன உக்காந்து ராஜா மந்திரி விளையாடுதீரா?"

நீ அசரவே இல்லை. "தோழரே, இந்த ராஜாவ சாயங்காலத்துக்குள்ள கொன்னுருவோம். நீங்களும் ஒரு கத்திய எடுங்க" என்றாய். அவர் சிரிக்காமல் இறங்கிப் போனார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் உன் கோட்டையில் கொல்வது லேசான காரியமா? புத்தகத்தில் இல்லாத விதி ஒன்றை நீயே வைத்திருந்தாய். 'வெட்டுதேன்' என்று மட்டும் சொன்னால் செல்லாது. "எங்க வெட்டுத? எதால வெட்டுத? அவன் எப்படி விழுதான்? அவன் வீட்டுல சோத்த வச்சுக்கிட்டு யாரு காத்துக் கிடக்கா? அம்புட்டையும் சொல்லு, பெறவு பகடைய உருட்டு" என்பாய். நம் இசக்கிக்கு இது ஆகவே ஆகாது. விளையாட்டில் எதிரே வந்தவனை எல்லாம் வெட்டிப் போடுகிற ஆளாயிற்றே. "ஒரு காவக்காரனக் கொல்லுததுக்கு இம்புட்டுப் பாடாலே?" என்று உன்னோடு மல்லுக்கு நிற்பான்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆற்றுக்குள் இறங்கும் மணல் லாரிகளை மறிப்பது, வீட்டில் போய்ச் சாப்பிடுவது, நேரே மாடிக்கு வருவது என்று சொல்லிப் பகடையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாய்.

துரை லாரிக்குப் பின்னாலிருந்து அரிவாளோடு வந்தான். முதலில் இடது தோளில் வெட்டினான். நீ கையைத் தூக்கித் தடுத்தாய், மணிக்கட்டு தொங்கிவிட்டது. பிறகு கழுத்தில். நீ மண்டி போட்டு உட்கார்ந்து, எங்களைத் தேடுகிற மாதிரி திரும்பிப் பார்த்து, குப்புற விழுந்தாய். உன் ரத்தம் மணலில் நிற்கக்கூட இல்லை, கொட்டக் கொட்ட உள்ளே போய்விட்டது. இசக்கி எறிந்த கல்லில் துரையின் பல் தெறித்தது. வாயெல்லாம் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டே அவன் லாரியில் ஏறினான். அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

துரை ஜாமீனில் வெளியே வந்ததும் இசக்கி சாக்கில் சுற்றிய இரண்டு அரிவாள்களோடு மாடிக்கு வந்தான். ஒன்றை என்னிடம் நீட்டினான், வாங்கிக்கொண்டேன். சத்தியமாகப் போயிருப்பேன் சங்கரா. படியிறங்கத் திரும்பியபோது மேஜைக்கு அந்தப் பக்கம் உன் நாற்காலி கண்ணில் பட்டது. வாய் தானாகக் கேட்டது.

"ஏலே இசக்கி, எங்க வெட்டப் போற?"

"கழுத்துல."

"எப்படி விழுவான்?"

"சங்கரன் விழுந்தாம்லா, அதே மாதிரி."

"அவன் வீட்டுல யாரு காத்துக் கிடக்கா?"

இசக்கி என்னை முறைத்தான். "ஒரு பொட்டப்பிள்ள இருக்கு. பால்வாடிக்குப் போவுது. சவத்துப்பய அதத் தோள்ல தூக்கிக்கிட்டுதான் டீக்கடைக்கு வாரான்" என்றான். அப்புறம் அரிவாளை ஓங்கி நம் மேஜையில் இறக்கினான். பலகை பிளந்து, அவன் உள்ளங்கையும் கிழிந்து, தையல்கடைக்காரர் அலறிக்கொண்டு மேலே ஓடிவரும்வரை வெட்டினான். பிறகு அந்தப் பலகை மேலேயே தலையைச் சாய்த்து அழுதான். நானும்தான் அழுதேன்.

டவுணில் இப்போது தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. அப்படி ஒன்றில்தான் நான் வேலை பார்க்கிறேன். போன வாரம் குத்தகைக்காரரின் ஆட்கள் உள்ளே புகுந்து கண்ணாடியை நொறுக்கி, என் இடது கையை ஷட்டருக்கு அடியில் வைத்து இறக்கினார்கள். "கூண்டுல ஏறினா நாக்கு இருக்காதுலே" என்று மிரட்டினார்கள். வலது கையை விட்டுவைத்தார்கள், அதனால்தான் உனக்கு எழுத முடிகிறது.

பரமசிவம் ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "பகடையப் பத்திக் கேட்டா தெரியாதுன்னுரும் வே" என்றார். உன் பெயர் கெடக்கூடாதே என்ற பதைப்பு அவருக்கு. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் நீ சூதாடியாகவே அல்லவா கிடப்பாய்? அரசு வக்கீலோ, கோர்ட்டில் உன் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், வெட்டினதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும் என்கிறார். நான் அத்தையிடமே போய்க் கேட்டேன்.

"எம்பிள்ளைய எங்கன எங்கன வெட்டுனான்னு எனக்கும் தெரியணும்யா. ஒண்ணையும் மறைக்காத."

நாளைக்கு நம் விளையாட்டைச் சொல்வேன். உன் விதியைச் சொல்வேன். அந்த விதிப்படியே எங்கே வெட்டினான், எதால் வெட்டினான், நீ எப்படி விழுந்தாய் என்று எல்லாம் சொல்வேன். கடைசிக் கேள்விக்கு வரும்போது, இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று அந்தப் பெரிய வக்கீல் எழுந்து கத்துவார். கத்தட்டும். அன்றைக்கு உன் வீட்டில் சொதியும் இஞ்சிப் பச்சடியும் செய்துவைத்துவிட்டு, நீ வந்தபிறகு சாப்பிடலாம் என்று யார் காத்துக் கிடந்தார்கள் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் கூண்டை விட்டு இறங்குவேன். இது உன் மேல் ஆணை.

நசுங்கிய கையோடும் இன்னும் இருக்கிற நாக்கோடும்,
உன் மச்சான் கணபதி