சக்களத்திக்கு வரன் தேடிய மாதம்

மார்ச் 3, செவ்வாய்

உருளைக்கிழங்கை ஒரு தடவை, சோப்பை ஒரு தடவை, வீட்டம்மாவின் மாத்திரையை ஒரு தடவை மறந்து, திரும்பத் திரும்ப மூன்றாம் மாடி ஏறினேன். இமயமலை ஏறினவனுக்கு மாலை போட்டு ஊர்வலம் விடுகிறார்கள். எனக்குக் கிடைத்தது, "வெங்காயம் எங்க?"

லிஃப்ட் இல்லாத கட்டடம். நவம்பரில் இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் கீழே இறங்குவது டாக்டரிடம் போக மட்டும்தான். அதுவும் நாற்காலியோடு, நானும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து தூக்கி. மற்ற நாளெல்லாம் ஜன்னலோரம். தெருவில் போகிற நாய்களுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்துவிட்டாள். இனி பூனைகள்.

அண்ணன் மகள் ஒரு வீடு பார்த்திருக்கிறாள். தரைத்தளம். கதவைத் திறந்தால் தெரு, நடுவில் ஒரு படிகூடக் கிடையாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சிக்கல் ஒன்றே ஒன்று. ஷெட் இல்லை, தெருவில் கார் நிறுத்தவும் அனுமதி இல்லை.

அதாவது, இவளா அவளா.

அவள் என்பது கீழே ஷெட்டில் நிற்கிற சிவப்பு மாஸ்டா, ஆர்எக்ஸ்-8. வீட்டம்மா அவளுக்கு வைத்த பெயர் சக்களத்தி. வேறெங்காவது ஷெட் வாடகைக்குப் பிடிக்கலாமா என்று மெல்ல இழுத்துப் பார்த்தேன்.

"நமக்கு ஒரு வீடு, அவளுக்குத் தனியா ஒரு வீடா? இந்த வயசுல ரெண்டு குடித்தனம் தாங்குமா உங்களுக்கு?"

தாங்காது. ஒன்றுக்கே முழங்கால் கெஞ்சுகிறது.

மார்ச் 5, வியாழன்

விளம்பரம். நான் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் போனில் எழுதினாள். பேரரசன் பட்டம் சூட்டிக்கொள்ளும்போது கூட இப்படி ஒரு மெய்க்கீர்த்தி வாய்த்திருக்காது. ஹிரோஷிமாவில் புட்டி அடைக்கிற தக்கை செய்த கம்பெனி. அதைத் தூக்கி நிறுத்தியவர் மீனவர் மகன், கொல்லுப்பட்டறையில் வேலை பழகினவர். தக்கையிலிருந்து மூன்று சக்கர வண்டி, அதிலிருந்து கார். மாஸ்டா என்பது பழைய பாரசீகத்து ஞானக் கடவுளின் பெயர். அந்த மனிதரின் குடும்பப் பெயரும் காதுக்குக் கிட்டத்தட்ட அப்படியே ஒலிக்குமாம். தன் பெயரையும் கடவுள் பெயரையும் ஒரே பலகையில் எழுதிய சாமர்த்தியசாலி!

"முடிஞ்சுதா சித்தப்பா?"

"இன்னும் எஞ்சினுக்கே வரலையே."

வெட்டித் தள்ளிவிட்டாள். கடைசியில் மிஞ்சியது: சிவப்பு நிறம், ஓடும் நிலை.

எனக்கும் அப்படித்தான் எழுதுவார்கள் போல. ஓடும் நிலை என்பது மட்டும் சந்தேகம்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் வரன் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இளம் வயது, இஸ்திரி போட்ட சட்டை, சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். அங்கேயே எனக்குப் பிடிக்கவில்லை.

எஞ்சினைப் பற்றிக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஊர் உலகத்து எஞ்சினெல்லாம் உலக்கை மாதிரி மேலும் கீழும் இடிக்கும், இதற்குள் இருப்பது ஒரு முக்கோணம், அது இடிக்காது, சுற்றும், அதுதான் ரோட்டரி என்றேன். அதுவரை சரி. அப்புறம் பிசாசின் நகக்கீறலை அவிழ்த்துவிட்டேன். அந்தக் காலத்தில் முக்கோணத்தின் முனை உள்சுவரைக் கோடு கோடாகக் கீறியது, கம்பெனி இன்ஜினியர்களே வைத்த பெயர் அது. எல்லாம் உண்மை. வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி அதைத் தீர்த்தார்கள் என்ற கடைசி வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். "சில ராத்திரி ஷெட்லேர்ந்து கீறுற சத்தம் கேக்கும், பயப்படக் கூடாது" என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன்.

மனிதர் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார்.

"என்ன சொன்னார்?" என்றாள் மேலே.

"யோசிச்சுச் சொல்றாராம்."

பார்த்தாள்.

மார்ச் 11, புதன்

முதுகு. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று பஸ் டெப்போவில், நான் வேலை பார்க்கிற தொலைந்த பொருள் கவுண்டரில் ஒரே கூட்டம். பல் செட் ஒன்றுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். தீர்ப்பு சொல்லிச் சொல்லி வாய் வறண்டது. இன்றைக்காவது படுக்கலாம் என்றால் இரண்டாவது வரன்.

புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. நல்ல ஜனங்கள். பின்கதவு அலமாரிக் கதவு மாதிரி எதிர்ப்பக்கம் திறப்பதைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷம் எனக்கு ஆபத்தாகப் பட்டது. எண்ணெய் விஷயத்தை எடுத்தேன். இந்த எஞ்சின் கொஞ்சம் எண்ணெயையும் சேர்த்து எரிக்கும், பிறவியே அப்படி, அவ்வப்போது பார்த்து ஊற்றினால் போதும். நான் சொன்னதோ, "எண்ணெய் ஊத்தறதுக்குன்னே ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கணும். இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்துல உலகத்தையே ஜெயிச்ச வம்சம் இது. மெதுவா ஓட்டினா கோபம் வரும். குழந்தை தூங்கினா இன்னும் கோபம்."

போய்விட்டார்கள்.

சாயங்காலம் அண்ணன் மகளின் போன். "சித்தப்பா, அவங்க எனக்கு என்ன மெசேஜ் அனுப்பியிருக்காங்க தெரியுமா? 'உங்க சித்தப்பாவை நல்லா பாத்துக்குங்க'ன்னு. இது உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

விளையாட்டாகத்தான் இருந்தது. அவள் போனை வைக்கும்வரை.

மார்ச் 17, செவ்வாய்

எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அவள் சொல்லவில்லை.

நான் வேலைக்குப் போனதும் தானாகவே இறங்கப் பார்த்திருக்கிறாள். கம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி. அதற்கு மேல் இறங்கவும் முடியவில்லை, திரும்பி ஏறவும் முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானம் முழுக்க. எதிர்வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து பார்க்கும்வரை — கையில் போன் இருந்திருக்கிறது. போன் இருந்தும்!

"ஏன் என்னைக் கூப்பிடலை?"

"எதுக்கு? சீக்கிரம் வந்து ஷெட்டுல அவகூட பேசிட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல மேல வருவீங்கல்ல."

நான் ஷெட்டில் இல்லை. இன்றைக்கு டெப்போவில் லீவு கேட்டால்கூடக் கிடைத்திருக்காது. ஆனால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையே, அது ஏன்? பாதி நாள் அங்கேதானே இருக்கிறேன்? துடைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு.

எங்க போகணும்னுடி இறங்கினே என்று கேட்டேன். "எங்கயும் இல்ல. கீழ."

போதும். அடுத்து யார் வந்தாலும் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். வாயைத் தைத்துக்கொள்கிறேன். அண்ணன் மகளிடமும் வாக்கு கொடுத்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு கதை பிடிக்கும். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த அன்றைக்கு ஊருக்கும் மாஸ்டா தொழிற்சாலைக்கும் நடுவில் ஒரு சின்ன மலை இருந்தது. அதனால் கட்டடம் தப்பியது. அப்புறம் பல மாதம் அங்கே ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் எல்லாம் நடந்தன. அந்த வருஷம் முடிவதற்குள் மறுபடியும் மூன்று சக்கர வண்டி வெளியே வந்தது. இதில் மட்டும் நான் எதையும் சேர்த்துச் சொன்னதில்லை. சேர்க்க மனசு வராது.

இன்றைக்கு மறுபடி சொன்னேன். "அந்த வண்டியில என்னத்த ஏத்திட்டுப் போயிருப்பாங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லி அவள் கேட்டதே இல்லையாம்.

மார்ச் 21, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டாமல்.

பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் பெண்மணி வருவதாக இருந்தது. பதினொரு மணி. இவர்தான் சரியான இடம் என்று போனிலேயே பட்டது. கார் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்கவில்லை, எப்படி ஒலிக்கும் என்று கேட்டார். ஷெட் இருட்டு. அவர் வருகிற நேரம் வண்டி வெளிச்சத்தில் இருக்கட்டும் என்று கிளப்பி, இரண்டு முழம் முன்னால் நகர்த்தி, அணைத்தேன்.

அணைத்த கையோடு தெரிந்துவிட்டது.

குளிர்ந்த ரோட்டரியை எழுப்பி உடனே அணைக்கக் கூடாது. பெட்ரோல் உள்ளே தேங்கி பிளக்கெல்லாம் நனைந்துவிடும். சூடாகும்வரை விட்டுத்தான் அணைக்க வேண்டும். இந்த வண்டி வாங்கினவன் முதல் வாரத்தில் படிக்கிற பாடம் இது. பால்குடி மறக்காத பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியும்! இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் செய்ததில்லை. காலையிலிருந்து தண்ணீர்க் கேன், குப்பை, மருந்துக்கடை என்று ஏறி இறங்கி — கை தானாக அணைத்துவிட்டது.

அவர் வந்தார். சாவியைத் திருப்பினேன். உறுமல், உறுமல், ஒன்றுமில்லை. திரும்ப. ஒன்றுமில்லை. தூரத்துக் கழுதை இருமுவது போல ஒரு சத்தம். பெண்மணி மரியாதையாக, "பரவாயில்லை, அப்புறம் பாக்கலாம்" என்று போய்விட்டார்.

அண்ணன் மகள் கைகட்டி நின்றாள். "சூப்பர் சித்தப்பா. பேசாம இருக்கேன்னு வாக்கு கொடுத்தீங்க. பேசலைதான்."

"ஐயோ, நெஜமா மறந்துட்டேம்மா."

"நீங்களா? இதையா?"

யார் நம்புவார்கள்? நானே வேறொருத்தன் சொல்லிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். மேலே ஜன்னல் திறந்திருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது மூடியிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அந்தத் தரைத்தள வீட்டுக்காரம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

மார்ச் 22, ஞாயிறு

மெக்கானிக்கைக் கும்பிட்டு வரவழைத்தேன். பத்து வருஷமாக இந்த எஞ்சினைப் பற்றி நான் அவனுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அரை மணி நேரம் சிரித்தான்.

"அண்ணே, நீங்களா அண்ணே?"

"சிரிச்சு முடிச்சா ஸ்பானரை எடு."

நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்து உலர்த்தினோம். பெட்ரோல் வராமல் நிறுத்தி, வெறுமனே சுற்றவிட்டோம். மாட்டிக் கிளப்பினோம். முதலில் விக்கல். அப்புறம் ஒரு வெள்ளைப் புகை கிளம்பியது பாருங்கள், பூமியிலிருந்து ஒரு மேகம் பிறந்து வானத்துக்குத் திரும்புகிற மாதிரி. எதிர்வீட்டுக்காரர் தீ என்று நினைத்து வாளித் தண்ணீரோடு ஓடிவந்து என் மேல் ஊற்றினார். கார் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

எஞ்சின் எழுந்துவிட்டது. சூட்டைக் காட்டுகிற முள் நடுவுக்கு வரும்வரை அணைக்காமல், நனைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். இறங்கத் தெம்பில்லை.

மார்ச் 23, திங்கள்

பியானோ அம்மாவுக்கு நானே போன் செய்தேன். என்ன தப்பு செய்தேன், ஏன் அது தப்பு, எப்படிச் சரியானது, அவ்வளவுதான். இடையில் ஒரு யானை, ஒரு பேரரசன், ஒரு பிசாசு கிடையாது. "நாளைக்கு இங்க கொண்டுவர முடியுமா?" என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

கொண்டுபோனேன். அவர் பானெட்டுக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எங்கயுமே தட்டலையே!"

"தட்டறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லைங்க. சுத்தறதுதான்."

பிறகு மெயின் ரோடு வரை அவரே ஓட்டினார். கியர் மாற்றாமல் வேகத்தை மேலே மேலே ஏற்றினார். சிலர் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். இவர் எடுக்கவில்லை. அந்தச் சத்தம் மெல்லிசாகி, கம்பி மாதிரி நீண்டு — சரி, விடு. திரும்பி வந்து, "இந்தக் கம்பெனியோட கதை ஏதாவது சொல்லுங்களேன்" என்றார்.

என்னிடம்! ஆனால் அங்கே நின்றபோது ஒன்றும் வரவில்லை. "தக்கை செஞ்சுட்டிருந்தவங்க" என்றேன். "சூடாகாம அணைச்சுடாதீங்க. நகர்த்தறதுக்காகக் கிளப்பாதீங்க, ஆளை வெச்சுத் தள்ளுங்க. எண்ணெய் பாருங்க." சாவியைக் கொடுத்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

மேலே ஏறி, சாவி மாட்டுகிற ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் பார்த்தாள்.

"அன்னைக்கு நெஜமாவே மறந்துதான் போனேன்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நேத்து நீங்க போன்ல பேசினதுலேர்ந்து. வேணும்னு செஞ்சிருந்தா இதுக்குள்ள நாலு பேர்கிட்ட பெருமையடிச்சிருப்பீங்களே."

வீட்டுக்காரம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். இல்லையாம். நான் சொல்லுவேன் என்று இவளும், இவள் சொல்லுவாள் என்று நானும் — நல்லவேளை.

ஏப்ரல் 2, வியாழன்

வந்து சேர்ந்தோம். மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. எலும்பெல்லாம் தனித்தனியாக வலிக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். விழித்தபோது வீட்டில் சத்தமில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. குளியலறை காலி. கம்பு இல்லை. எழுந்த வேகத்தில் முழங்காலை இடித்துக்கொண்டேன்.

வாசற்கதவு திறந்தது. ஒரு கையில் கம்பு, ஒரு கையில் ரொட்டி. மூச்சு வாங்குகிறது. முகமெல்லாம் வேர்வை.

"எங்க போனே?"

"முனைக் கடைக்கு. நேத்தையது கொடுக்கப் பார்த்தான், மாத்தி வாங்கினேன். சண்டை போட்டு எத்தனை நாளாச்சு!"

"என்னை எழுப்பியிருக்கலாமே?"

"எதுக்கு?" என்றாள். "தூங்குங்க."

திரும்பவும் தூங்கிவிட்டேன்.